கண்ணாடி மறந்துவிட்டது

"கண்ணாடியை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் சார். இதைக் கொஞ்சம் நிரப்பிக் குடுங்களேன்."

வங்கியிலோ தாலுகா அலுவலகத்திலோ வரிசையில் நின்றவர்கள் இந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். கேட்பவருக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. சிலருக்கு உண்மையிலேயே கண்ணாடி மறந்திருக்கும். சிலருக்குப் பள்ளிக்கூடமே வாய்த்திருக்காது. இன்னும் சிலர் உண்டு. பன்னிரண்டாவது தாண்டியவர்கள், ஏன், பட்டமே வாங்கியவர்கள். பார்வையிலும் பழுதில்லை. ஆனால் பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, பொடி எழுத்தில் அச்சடித்த அந்தச் செலானைப் படித்துத் தப்பில்லாமல் நிரப்ப வேண்டும் என்றால் உள்ளங்கை வியர்த்துவிடும். தேதியை எழுதும் இடத்தில் தொகையை எழுதி, அடித்து, இன்னொரு செலான் கேட்டு வாங்கி, அதையும் அடித்து... இந்த அவஸ்தைக்குக் கண்ணாடியின் மேல் பழி போடுவது எவ்வளவோ சுலபம்.

அவர்களில் பலருக்குத் தங்கள் சிரமத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே தெரியாது. டிஸ்லெக்சியா.

2007இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படம் இந்தச் சொல்லை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு டிஸ்லெக்சியா என்றாலே எட்டு வயதுப் பையன் ஒருவனின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பையன் வளர்வான், வேலைக்குப் போவான், கல்யாணமாகித் தன் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டுக்கு முன்னால் உட்காருவான் என்பதை நாம் யோசிப்பதில்லை. வயது ஏறினால் டிஸ்லெக்சியா இறங்கிவிடாது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் அது இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஐம்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேராவது அதைச் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் வந்து போய்க்கொண்டிருக்கலாம்.

பெரியவர்களைப் பொறுத்தவரை, மெதுவாகப் படிப்பது அவர்களுடைய துயரத்தில் சின்னப் பகுதிதான். 'நான் மக்கு' என்று எட்டு வயதில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு இருக்கிறதே, அதுதான் பெரிது. அந்தத் தீர்ப்பை நாற்பது வயதில் ஒருவர் திருத்தி எழுத முடியுமா? முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் கதை நல்ல சாட்சி.

ஜாக்கி ஸ்டூவர்ட் 1939இல் பிறந்தவர். அப்பாவுக்குக் கார் பழுதுபார்க்கும் பட்டறை. டம்பார்ட்டன் ஊர்ப் பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவருக்கு எழுத்துகள் ஒட்டவே ஒட்டாது. ஆசிரியர்கள் முட்டாள் என்று திட்டினார்கள், உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். டிஸ்லெக்சியா என்ற சொல் அந்த வகுப்பறையில் யாருக்கும் தெரியாது. மேற்படிப்புக்கு வழியில்லாமல் அப்பாவின் பட்டறையிலேயே மெக்கானிக் வேலை பழகப் போனார்.

அதற்கு முன்பே ஒரு சம்பவம் நடந்திருந்தது. 13 வயதில், வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி ஒன்றில் ஜெயித்தார். அங்கே யாரும் அவரைப் படிக்கச் சொல்லவில்லை. கண்ணும் கையும் ஒத்துழைத்தால் போதும். பிறகு ஸ்காட்லாந்து அணிக்காகச் சுட்டார், பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1960 ஒலிம்பிக்கில் நாட்டுக்காகச் சுட இரண்டு இடங்கள் இருந்தன. தேர்வில் அவர் மூன்றாவதாக வந்ததால் வாய்ப்பு கைநழுவியது. பள்ளியில் பறிபோன மரியாதையை அந்தத் துப்பாக்கிதான் திருப்பித் தந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அதன்பின் கார் பந்தயம். 1969, 1971, 1973 என மூன்று முறை ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன், மொத்தம் 27 வெற்றிகள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை ஒரு சுற்றுக்கு 22.8 கிலோமீட்டர். காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள். 1968இல் மழையும் பனிமூட்டமும் கண்ணை மறைத்த நாளில், அடிபட்ட மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டி, அடுத்து வந்தவரைவிட நான்கு நிமிடத்துக்கும் மேல் முந்தி வந்தார். அந்தப் பாதையில் எந்த வளைவில் எந்த கியர், எங்கே பிரேக் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஏபிசிடியை வரிசை மாறாமல் சொல்லச் சொன்னால் தனக்கு வராது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இத்தனை கோப்பைகளுக்குப் பிறகும் அந்தப் பழைய தீர்ப்பு உள்ளே அப்படியே இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். 1980இல் மூத்த மகன் மார்க்குக்குப் படிப்பு சிரமமாகி, சோதனைக்குப் போனபோது டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. இது குடும்ப வழியாக வரக்கூடியது என்பதால் அப்பாவையும் சோதித்தார்கள். அவருக்கும் இருந்தது. அப்போது வயது 41. உலகச் சாம்பியன் பட்டங்கள் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. நீரில் மூழ்கிக்கொண்டிருந்தவனைக் கரைக்கு இழுத்தது போல இருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார்.

ஒரு பெயர் தெரிந்துகொண்டால் இவ்வளவு ஆறுதலா? ஆமாம், ஏனென்றால் அதுவரை அந்த இடத்தில் வேறு பெயர்கள் இருந்தன. சோம்பேறி, மக்கு, மரமண்டை, கவனமில்லாதவன்.

இந்தச் சிக்கலை உலகம் கண்டுகொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பையன் பெயர் பெர்சி. கெட்டிக்காரன், கணக்கு வரும், விளையாட்டிலும் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனால் வாசிக்க மட்டும் வராது. தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான், அது தப்பு என்பதும் அவன் கண்ணில் படவில்லை. எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்தார். அந்த ஆசிரியருடைய கண் எத்தனை ஆசிரியர்களுக்கு வாய்த்திருக்கிறது!

எழுத்து தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்சியா என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானோருக்குச் சிக்கல் கண்ணில் இல்லை, ஒலியில் இருக்கிறது. பேச்சு குழந்தைக்குத் தானாக வந்துவிடும், வாசிப்பு அப்படி வராது. எழுத்து தோன்றி சுமார் ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது, அதற்கென்று மூளையில் பிறவியிலேயே தனியறை கிடையாது. பார்வைக்கும் பேச்சுக்கும் உரிய பகுதிகளை இணைத்துப் பாதை போட வேண்டும். ஒரு சொல்லைத் துண்டு துண்டான ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தோடு சட்டென்று பொருத்துவது டிஸ்லெக்சியா உள்ளவருக்குத் தடுமாறும். அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தமிழ் எழுத்திலேயே பார்க்கலாம். 'கொடை' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் அகப்படுவது கொம்பு. காதுக்கு முதலில் வரவேண்டிய ஒலி ககரம். கொம்பைப் பார்த்து, நிறுத்திவைத்து, 'க'வைப் பார்த்து, அடுத்து கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது 'கெ'யா 'கொ'வா என்று முடிவாகும். 'பந்து'வில் ஒரு மாதிரி ஒலிக்கும் பகரம் 'தம்பி'யில் வேறு மாதிரி ஒலிக்கும். ல, ள, ழ ஒரு பக்கம், ந, ண, ன ஒரு பக்கம். வாய் 'வந்துட்டேன்' என்கிறது, தாள் 'வந்துவிட்டேன்' என்கிறது. சரளமாகப் படிப்பவர் இவற்றையெல்லாம் தாண்டுவதையே உணர்வதில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு வேகத்தடை.

இருந்தாலும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு எவ்வளவோ நேர்மையானது. 2001இல் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி நாட்டுக் கல்லூரி மாணவர்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளைச் செயல்பாட்டில் மூன்று நாட்டிலும் ஒரே மாதிரியான குறைவு தெரிந்தது. ஆனால் எழுதியபடியே ஒலிக்கும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். இதை வைத்து யோசித்தால் நம் ஊரில் ஒரு விஷயம் புரிகிறது. தமிழில் தட்டுத்தடுமாறியாவது கரையேறிய ஒருவர், கல்லூரியிலோ வேலையிலோ ஆங்கிலம் குறுக்கே வரும்போது அப்படியே நின்றுவிடுகிறார். "தமிழ் மீடியத்துல படிச்சவன், இங்கிலீஷ் வராது" என்று ஊரும் சொல்கிறது, அவரும் நம்பிவிடுகிறார். கூடப் படித்த மற்றத் தமிழ் மீடியம் நண்பர்கள் இரண்டு வருடத்தில் தேறிவிட்டபோது தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

தன்னம்பிக்கையைப் பற்றி நம்மிடம் மேடைப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 'உன்னால் முடியும்' என்று முழங்கும் பேச்சு இவர்களுக்குக் கொஞ்சமும் உதவாது. முடியாமல் போனதை ஆயிரம் தடவை கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஆய்வாளர்கள் இவர்களிடம் ஒரு வழக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். மதிப்பெண் நன்றாக வந்தால் கேள்வித்தாள் சுலபம், ஆசிரியர் நல்லவர். குறைந்தால் என் மூளை சரியில்லை. வெற்றி வெளியிலிருந்து வந்தது, தோல்வி மட்டும் என் சொந்தச் சொத்து. இந்தக் கணக்கு வழக்கைத் திருத்தாமல் எத்தனை பாராட்டு கொட்டினாலும் அது தப்பான பக்கத்தில்தான் வரவு வைக்கப்படும்.

எப்படித் திருத்துவது? அமெரிக்காவில் பால் கெர்பர், ரிக் கின்ஸ்பெர்க், ஹென்றி ரைஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள், கற்றல் குறைபாட்டோடு வளர்ந்து தங்கள் தொழிலில் நிலைத்து நின்ற 71 பேரிடம் நீளமாகப் பேசி, 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெற்றி பெற்றவர்களிடம் பொதுவாக இருந்தது, தன் வாழ்க்கையின் பிடியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட உணர்வு. அதற்கு அடித்தளமாக அவர்கள் கண்டது, தன் குறையைப் புதிய கண்ணோடு பார்ப்பது. இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்வது, பிறகு அதை ஏற்பது, எது வரும் எது வராது என்று துல்லியமாகத் தெரிந்துகொள்வது, கடைசியில் அதற்கேற்பச் செயலில் இறங்குவது. இதில் மூன்றாவது படியைத்தான் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 'எனக்குப் படிப்பு வராது' என்பது தீர்ப்பு. 'புதுப் பெயர்களைப் படிக்கும்போது தடுமாறுவேன், எண்களை இடம் மாற்றி எழுதுவேன், ஆனால் ஒருமுறை காதால் கேட்டது மறக்காது' என்பது தகவல். தகவலை வைத்துக்கொண்டு ஒருவர் வேலை செய்யலாம்.

அதே ஆய்வில் வந்த இன்னொன்று, தன் பலத்துக்குப் பொருந்தும் வேலையைத் தேடி உட்கார்வது. ஸ்டூவர்ட்டுக்குத் துப்பாக்கியும் ஸ்டியரிங்கும் என்றால், நம் ஊரில் அது மரவேலையாக இருக்கலாம், மின்சார வயரிங்காக, துணி வெட்டுவதாக, கேமராவாக, வாடிக்கையாளரோடு பேசி விற்பதாக இருக்கலாம். கலிபோர்னியாவில் பாசடீனா நகரின் ஃப்ராஸ்டிக் மையம் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளை இருபதாண்டு காலம் பின்தொடர்ந்தது. பிற்கால வெற்றியை முன்கூட்டிச் சொல்வதில், அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண்ணைவிடத் தன்னைப் பற்றிய தெளிவும் விடாப்பிடியும் துணை நின்ற மனிதர்களுமே பெரிதாக நின்றன.

வாசிப்பும் கொஞ்சம் மேம்படும். பெரியவர் ஆனபின் எதுவும் மாறாது என்பது உண்மையில்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கினிவியர் ஈடன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு எட்டு வாரம் ஒலி சார்ந்த பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பு முன்னேறியது, மூளையின் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், கண் பயிற்சி செய்தால் போய்விடும் என்று சொல்லிக் காசு வாங்குபவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றுக்கு உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர்களும் 2009இல் சேர்ந்தே அறிவித்தார்கள்.

அன்றாட உபாயங்கள் வேறு. இன்று கைப்பேசியில் தமிழில் பேசினால் அது எழுதித் தருகிறது. அச்செழுத்துக்கு நேரே கேமராவைக் காட்டினால் வாசித்துச் சொல்கிறது. இதைக் குறுக்குவழி என்று கூசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்வை மங்கினால் கண்ணாடி போட யாரும் கூசுவதில்லையே. வீட்டிலேயே படிவத்தின் நகலை நிரப்பிவைத்துக்கொண்டு போவது, நீளமான மின்னஞ்சலை அனுப்பும் முன் போனைப் படிக்கச் சொல்லிக் காதால் சரிபார்ப்பது, கூட்டத்துக்கு வேண்டிய தாளை முதல் நாளே கேட்டு வாங்குவது என்று ஒவ்வொருவரும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொள்ள முடியும்.

கேட்பதுதான் இதில் கடினமான பகுதி. ரிச்சர்ட் பிரான்சன் நூற்றுக்கணக்கான கம்பெனிகளை உருவாக்கியவர், டிஸ்லெக்சியா உள்ளவர். மொத்த வருமானத்துக்கும் நிகர லாபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஐம்பது வயதுவரை தனக்குப் பிடிபடவில்லை என்று அவரே சொல்கிறார். ஒரு நிர்வாகக் கூட்டத்தில் அதைக் கவனித்த ஒருவர் அவரைத் தனியே அழைத்துப்போய், ஒரு தாளில் கடலை வரைந்து, வலையை வரைந்து, உள்ளே மீன்களை வரைந்தாராம். வலைக்குள் இருப்பது உன்னுடையது, கடலில் இருப்பது மொத்தம். விஷயம் முடிந்தது. அந்தப் படத்தை வரைந்த மனிதர் சிரிக்கவில்லை, அதுதான் முக்கியம்.

இதைச் சொல்லும்போதே ஒரு கவலையும் சொல்லியாக வேண்டும். பிரான்சன், திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் என்று பட்டியல் போட்டு, ஐன்ஸ்டீனையும் ஆதாரமில்லாமல் அதில் சேர்த்து, டிஸ்லெக்சியா ஒரு வரம் என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஸ்டோர் கீப்பர் வேலை பார்க்கும் ஒருவருக்கு இது இரண்டாவது தண்டனையாகிவிடும். மக்காகவும் இருந்தோம், மேதையாகவும் ஆகவில்லை என்றாகிவிடும். அவர் ஸ்பீல்பெர்க்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மேதைமையை விடச் சாதாரணமான ஒன்று. அறுபது வயதையொட்டித்தான் அந்த இயக்குநருக்குத் தன் டிஸ்லெக்சியா உறுதியானது. இன்றும் ஒரு திரைக்கதையைப் படிக்க மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறார். நேரம் எடுக்கும் என்று தெரிந்து, எடுத்துக்கொள்கிறார்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. 1995இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016இல் வந்த சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றோடு ஒரு சதவீதத்தைப் பகிரும் உரிமை உண்டு. தேர்வில் சொல்வதை எழுதித் தருபவரைப் பெறும் உரிமையை 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக்கூடாது என 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு குடிமைப்பணித் தேர்வர் போட்ட வழக்கு அது. ஆனால் 2018இன் வழிகாட்டுதல் சான்றிதழுக்குக் குறித்த வயதுகள் 8, 14, 18. பதினெட்டில் பெறுவது ஆயுளுக்கும் செல்லும் என்றது அது. அந்த வயதுகளில் யாருமே கவனிக்காமல் விட்ட தலைமுறைதான் இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறது. அவர்களுக்கான கதவு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும்.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து பிள்ளைகளுக்காகவும் ஆசிரியர் பயிற்சிக்காகவும் உழைத்துவருகிறது. இப்படியான மையங்களுக்குப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோரிடம் பல கேள்விகள் கேட்கப்படும். எப்போது பேசத் தொடங்கினாள், இடம் வலம் குழம்புகிறதா, எழுத்து மாறுகிறதா. நடுவில் ஒன்று வரும்: குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. எந்த ஊரானாலும், ஸ்டூவர்ட்டைப் போல மகனுக்காகவும் மகளுக்காகவும் போன இடத்தில்தான் பல அப்பா அம்மாக்களுக்குத் தங்கள் பழைய கேள்விக்கு விடை கிடைக்கிறது.

அந்த விடையை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகும் விதத்தில் அடுத்த தலைமுறையின் தன்மதிப்பு இருக்கிறது. ஒளிக்கலாம். அல்லது சாயங்காலம், வீட்டுப்பாட நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, இப்படியும் பேசலாம்.

"அப்பா, உனக்கும் எழுத்து மாறுமா?"

"மாறும் பாப்பா. 'பள்ளி'க்கு எந்த 'ளி'ன்னு இன்னைக்கும் போன்கிட்டதான் கேட்டுக்குவேன்."

"அப்போ நானும் கேட்கலாமா?"

"கேளு. முதல்ல நீயா ஒரு தடவை சொல்லிப் பாரு, அப்புறம் ரெண்டு பேரும் கேட்கலாம்."